தூங்கவைக்கிற கமாண்டு

மூக்கு நுனியில் ஒரு ஈ வந்து உட்கார்ந்திருக்கிறது, உட்காரட்டும், சாவ்தானில் விறைத்து நிற்கிறவள் ஈ ஓட்டக் கூடாது, கட்டைவிரல் பேண்ட் தையலோடு ஒட்டியிருக்க வேண்டும், முகவாய் மேலே, பார்வை நேர் எதிரில் வேதியியல் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டி மேல். தொட்டியில் ஒரு காக்கா. அது பாட்டுக்கு இறக்கையைக் கோதுகிறது, தோன்றினால் கத்துகிறது, அதன் கத்தலுக்கு யாரும் மார்க் போடப் போவதில்லை. என் கத்தலுக்குப் போடப் போகிறார்கள். இன்றைக்கு என்.சி.சி. ‘சி’ சான்றிதழுக்கு டிரில் பரீட்சை. வரிசையில் நிற்கிறவர்கள் ஒவ்வொருத்தியாக முன்னால் போய் மற்ற எல்லோருக்கும் கமாண்டு கொடுக்க வேண்டும், மேஜர் சார் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார், அவ்வளவுதான். இந்த ‘அவ்வளவுதான்’ இருக்கிறதே. இப்போது முன்னால் நின்று கத்திக்கொண்டிருக்கிறவள் முடித்ததும் ஜெசிந்தா, ஜெசிந்தாவுக்கு அப்புறம் நான், நான்தான் கடைசி. அதுவரைக்கும் இந்த வயிற்றை பெல்ட்டுக்குள் அடக்கி வைத்திருக்க வேண்டும். பிள்ளை பெற்ற வயிறு, தம் பிடித்தால் உள்ளே போகிறது, கொஞ்சம் அசந்தால் எண்ணெயில் போட்ட பூரி மாதிரி உப்பிக்கொண்டு வருகிறது. வயிறு போகட்டும், பால்தான் பயம். இல்லை, அதை நினைக்கக் கூடாது, நினைத்தால் இறங்கிவிடும். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது பாப்பாவுக்குக் கொடுத்தது. வெயிலுக்கு முன்னால் முடித்துவிடுவார்கள் என்றார்கள், மேஜர் சார் வந்ததே வெயில் ஏறித்தான். வீட்டுக்காரருடைய பழைய வேட்டியைக் கிழித்து மடித்து உள்ளே வைத்திருக்கிறேன், பருத்தி நன்றாகக் குடிக்கும், ஆனால் எவ்வளவைத்தான் குடிக்கும் பாவம், நெஞ்சு இரண்டும் இப்போதே செங்கல் கட்டினது போல இருக்கிறது. வேறே எதையாவது நினை மேகலா. ஈயை நினை. ஈ போய்விட்டது. போகாமல் இருந்திருக்கலாம்.

தாஹினே… முட்! உடம்பு திரும்பிவிட்டது. நான் திரும்பவில்லை, அதுவே திரும்பிக்கொள்கிறது, வலது குதிகாலில் சுற்றி இடது காலைத் தட்டி நிற்கிறது, அதற்கு என்னிடம் கேட்க வேண்டியதில்லை. வலது பக்கம் திரும்பினால் எனக்கு ஒரு லாபம் உண்டு. மைதானத்துக் குட்டைச் சுவர் தெரியும், சுவருக்கு அந்தப் பக்கம் புங்கமரம் தெரியும், மரத்தடியில் அவர் தெரிவார், அவர் தோளில் ஒரு மஞ்சள் துண்டு தெரியும், அந்தத் துண்டுக்குள்தான் என் உயிர் இருக்கிறது. இதோ. நிற்கிறார். கடைச் சட்டையையே போட்டுக்கொண்டு வந்துவிட்டார், வார்னிஷ் கறை படிந்தது, நல்ல சட்டை எடுத்து வைத்துவிட்டு வந்தேனே. அவருக்கு மோட்டார் காயில் கட்டுகிற கடை. ஊரில் யார் கிணற்று மோட்டார் எரிந்தாலும் இவரிடம்தான் வரும். செம்புக் கம்பியைச் சுற்றி எண்ணிக்கொண்டே இருக்கும்போது யார் கூப்பிட்டாலும் பேசமாட்டார், கண்ணாலேயே ‘இரு’ என்பார். கல்யாணமான புதிதில் எனக்குக் கோபம் கோபமாக வரும், சாப்பிட வாங்க சாப்பிட வாங்க என்று நான் வாசலில் நிற்பேன், மனுஷன் கண்ணை மட்டும் உருட்டுவார். எண்ணிக்கை தப்பினால் மறுபடி முதலிலிருந்து சுற்ற வேண்டும் என்று அப்புறம்தான் தெரிந்தது. அப்படிப்பட்டவர் இன்றைக்குக் கடையைச் சாத்திவிட்டு வந்து பிள்ளையை வைத்துக்கொண்டு ஆடிக்கொண்டிருக்கிறார், இடது காலில் ஒரு ஆட்டம் வலது காலில் ஒரு ஆட்டம். துண்டுக்கு வெளியே ஒரு குட்டிக் கை. முழித்திருக்கிறாள். முழித்திருந்தால் பசிக்கும். புட்டியை வாயில் வைத்தால் நாக்கால் தள்ளுவாள், சங்கில் கொடுத்தால் துப்புவாள், எல்லாம் அவள் அப்பா சொந்தத்துப் பிடிவாதம். பாயே… முட்! தண்ணீர்த் தொட்டி. காக்கா. சீ.

எனக்கு எதற்கு இந்த வேலை என்று தெருவில் கேட்காத ஆள் இல்லை. கல்யாணமாகி, பிள்ளை பெற்று, ஒரு வருஷம் விட்டு மறுபடி வந்து கல்லூரியில் உட்கார்ந்து, அதுவும் காக்கி மாட்டிக்கொண்டு. முதல் வருஷம் சேர்ந்தபோது ராணுவத்தில் அதிகாரியாகப் போகலாம் என்று சொன்னார்கள், நானும் போகிறேன் என்று சொன்னேன், எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவளுக்கு அதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை, பஸ் ஏறினால் எல்லா இடமும் போகலாம் என்றுதான் இருந்தேன். கல்யாணமாகாத பெண்தான் போக முடியும் என்று தெரியவந்தபோது வீட்டில் முகூர்த்தப் புடவை எடுத்தாயிற்று. அழுதேனா? ஒரு சாயங்காலம் அழுதேன். புடவையும் நல்ல புடவை, அரக்கில் பச்சைக் கரை. அப்புறம் இவர்தான் ஒருநாள் கம்பி சுற்றி முடித்துவிட்டு வந்து, கையைத் துடைத்துக்கொண்டே, “போலீஸ்ல எஸ்.ஐ. பரீட்சைக்கு உன் என்.சி.சி.க்கு தனியா மார்க் இருக்காமே, அதுக்குக் கல்யாணம் ஆனவங்க போலாமாமே” என்றார். யாரிடம் கேட்டார், எங்கே கேட்டார், இன்றுவரை சொல்லவில்லை. அன்றைக்குத்தான் இந்த ஆளை எனக்குப் பிடித்தது என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும், அப்போ அதுக்கு முன்னால? என்பார். எஸ்.ஐ. ஆவது இருக்கட்டும், அதற்கு இந்தச் சான்றிதழ், அதற்கு இந்த டிரில், டிரில் தனியாகத் தேற வேண்டும், எழுத்தில் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் இதில் போனால் போனதுதான். ஆனால் மார்க்குக்காக மட்டும் வந்தேன் என்று சொன்னால் அது பொய். முதல் வருஷம் சுதந்திர தினத்தன்று என்னை முன்னால் விட்டார்கள், நான் ஒரு வார்த்தை சொன்னேன், அத்தனை பேரும் ஒரே சத்தமாகத் திரும்பினார்கள். அந்த ஒரே சத்தம். வீட்டில் நான் சொல்லி ஒரு கோழி திரும்பினது கிடையாது. உள்ளங்காலிலிருந்து ஏதோ ஏறி உச்சிக்குப் போச்சு, அதை யாரிடம் எப்படிச் சொல்வது, பூரான் ஊர்ந்த மாதிரி என்றால் அசிங்கமாக இருக்கிறது. திரும்பவும் அந்தச் சத்தம் கேட்க வேண்டும். ஒரு தடவை.

அதற்குத்தான் உலை வைத்துக்கொண்டேன், நானே, என் வாயாலேயே. பாப்பா பிறந்த பிறகு எதற்கும் தூங்க மாட்டாள். தூளியில் போட்டால் கத்துவாள், பாட்டுப் பாடினால் என் பாட்டுக்குப் பயந்தே கத்துவாள். ஒரு மத்தியானம் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, படிக்கவும் நேரமில்லை, பயிற்சிக்கும் நேரமில்லை, சரி இரண்டையும் சேர்த்துச் செய்வோம் என்று கூடத்தில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு ஏக் தோ ஏக், ஏக் தோ ஏக் என்று நடந்து மெதுவாகச் சாவ்… தான், அப்புறம் தளர்ந்து நிற்கச் சொல்கிற விஷ்… ராம் என்று சொல்லிப் பார்த்தேன். தூங்கிவிட்டாள். எனக்கு நம்பிக்கையே வரவில்லை. மறுநாளும் தூங்கினாள். அதற்கப்புறம் என்ன, தினமும் அதுதான். இவரும் கற்றுக்கொண்டார், லுங்கியைக் கட்டிக்கொண்டு, பிள்ளையைத் தோளில் சாய்த்து, வேகநடைக்குச் சொல்கிற “தேஸ் சல்”லை அடிக்குரலில் சொல்வார், எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்து “ஏங்க, உங்க வீட்ல சண்டைக்கு ஆள் எடுக்கிறாங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார். சிரிப்புத்தான். ஆனால் பாருங்கள், கமாண்டு என்றால் இரண்டு துண்டு. முதல் துண்டை இழுக்க வேண்டும், சாவ்வ்வ் என்று, கேட்கிறவர்கள் தயாராகட்டும் என்று. இரண்டாவது துண்டைத் தான் என்று வெட்ட வேண்டும், அந்த வெட்டில்தான் எல்லாக் காலும் ஒன்றாக விழும். தோளில் பிள்ளை கண் சொருகிக்கொண்டு வருகிற நேரத்தில் யாராவது வெட்டுவார்களா? வெட்டினால் முழித்துக்கொள்வாள். அதனால் அதையும் இழுத்தேன். சாவ்வ்வ் தாஆன்ன்… என்று தேன் ஊற்றுகிற மாதிரி. மாசக்கணக்கில் இழுத்தேன். போன வாரம் ஒத்திகையில் முன்னால் போய் நின்று வாயைத் திறந்தேன், அதே தேன் வந்தது. ஒருத்தி காலைத் தட்டினாள், அப்புறம் இன்னொருத்தி, அப்புறம் மூன்று பேர், மாடிப்படியில் தேங்காய் உருண்டு வருகிற மாதிரி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், என்ன செய்ய. பால்துரை சார் சிரிக்கவில்லை. அவர்தான் எங்களுக்கு டிரில் சொல்லித்தருகிற ஹவில்தார், திருநெல்வேலிப் பக்கம். “என்னம்மா மேகலா, தாலாட்டா பாடுத? இவளுவ எல்லாம் நின்னுக்கிட்டே ஒறங்கிருவாளுவ போலுக்கே. கத்தரிக்காக் காம்ப எப்பிடிம்மா வெட்டுவ? அரிவாமணைல வச்சு தடவிக்கிட்டேவா இருப்ப? டக்குன்னு வெட்டணும்லா.” அன்றையிலிருந்து கத்தரிக்காய் வெட்டும்போதெல்லாம் தான், தான் என்று சொல்லிக்கொண்டே வெட்டுகிறேன், ஆனால் அப்போதும் பாப்பா தூளியில் தூங்கிக்கொண்டிருப்பாள், அப்போதும் குரல் தானாக இறங்கிவிடும், தாஆன், தாஆன், குழம்பு வைக்கிற அளவுக்குக் கத்தரிக்காய் வெட்டினதுதான் மிச்சம்.

தான். மனசுக்குள் நன்றாகத்தான் வருகிறது. தான். மனசுக்குள் யாருக்குத்தான் வராது. தொண்டைக்கு வந்ததும் என்ன ஆகிறது, தொண்டையில் அவள் தலை வந்து சாய்ந்துகொள்கிறது, அந்த முடி, எண்ணெயும் பாலும் சேர்ந்த வாசம், மூச்சு கழுத்தில் படுவது, இப்போதுகூடப் படுகிறது, இது வேர்வை, வேர்வைதான், தொப்பிக்குள்ளிருந்து இறங்குகிறது. ஒருவேளை குரல் திரும்பியே வராதோ. அம்மாவானால் எலும்பு இளகும், பல் இளகும் என்பார்கள், குரல் இளகும் என்று யாரும் சொல்லவில்லை. ஸ்டேஷனில் உட்கார்ந்து ஒரு திருடனைப் பார்த்து நில்லுடா என்று நான் சொல்ல, அவன் அப்படியே பெஞ்சில் படுத்துத் தூங்கிவிட்டால்? சிரிக்காதே, சாவ்தானில் சிரிக்கக் கூடாது, மேஜர் சார் பார்க்கிறார். முன்னால் நின்றவள் முடித்துவிட்டாள். நல்ல குரல் அவளுக்கு, கல்லில் கல் விழுந்தது மாதிரி. ஜெசிந்தாவின் முறை.

ஜெசிந்தா வரிசையில் எனக்குப் பக்கத்தில் நிற்கிறவள், என்னைவிடச் சின்னவள், உதடு அசையாமல் பேசுவதற்கு ஒரு மெடல் இருந்தால் அவளுக்குத்தான். போவதற்கு முன்னால் அப்படித்தான் முணுமுணுத்தாள்: “அக்கா, உனக்காக ஒரு தாஹினே எக்ஸ்ட்ரா போடுறேன். நல்லா பார்த்துக்க.” அடியே, பரீட்சையில் போய், என்று சொல்வதற்குள் போய்விட்டாள். பிள்ளை பெற்று நான் திரும்பி வந்த முதல் நாள் என் பழைய பேண்ட் இடுப்பில் ஏறாமல் அறைக்குள் நின்றபோது தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, சுடிதாரோடு மைதானத்துக்கு வந்து பால்துரை சாரிடம் திட்டு வாங்கினவள் அவள். எதற்குத் திட்டு வாங்கினாய் என்றால், “உன் பிள்ளைக்குச் சித்தி வேணாமாக்கா, சும்மா கிடைப்பாளா” என்றாள். இதோ கத்துகிறாள். சாவ்-தான். பார், எப்படி வெட்டுகிறாள். பீச்சே முட். திரும்பினோம். சாமனே முட். திரும்பினோம். தாஹினே… முட்! வந்துவிட்டது. சுவர். புங்கமரம். மரத்தடி.

மரத்தடியில் யாரும் இல்லை.

அவர் வந்த வண்டி நிற்கிறது, வண்டியில் பை தொங்குகிறது, ஆள் இல்லை, மஞ்சள் துண்டு இல்லை. பாயே முட், சத்தியமாக ஜெசிந்தா இப்போது பாயே சொல்லாதே, சொல்லிவிட்டாள், தொட்டி, காக்காகூட இல்லை. எங்கே போனார். தண்ணீர் வாங்கப் போயிருப்பார். பை அங்கேயேதானே தொங்குகிறது, தண்ணீர் பாட்டில் பையில்தானே இருக்கிறது. பாப்பாவுக்கு வெயில் தாக்கி, இல்லை, அப்படியெல்லாம் இல்லை, காலையில் உடம்பு சில்லென்றுதான் இருந்தது. ஏதாவது எடுத்து வாயில் போட்டிருப்பாள், புங்கங்காய், கீழே கொட்டிக் கிடக்குமே, இப்போதெல்லாம் கையில் கிடைத்ததை வாயில்தானே வைக்கிறாள், அவர் கம்பி சுற்றுகிற நினைப்பில் எங்கேயோ பார்த்திருப்பார், தொண்டையில் போய், சே, அவர் அப்படிப் பார்க்கிற ஆள் இல்லை, எண்ணிக்கை தப்பாதவர் பிள்ளையைத் தப்பவிடுவாரா. ஆனால் ஏன் காணோம். தாஹினே எக்ஸ்ட்ரா போடுறேன்னாளே, அதுதானா அது, அதற்கு முன்னால் ஒன்று போட்டாளா, உண்மையான எக்ஸ்ட்ரா இனிமேல் வருமா. வா. வா தாயே. தாஹினே… முட். வந்தது. மரத்தடியில் யாரும் இல்லை. இப்படியே நடந்து போய்ச் சுவரைத் தாண்டிவிட்டால் என்ன. யார் என்ன செய்துவிடுவார்கள். மார்க் போய்விடும். போகட்டும். போகட்டுமா? அவரிடம் போய் என்ன சொல்வேன், உங்களைக் காணோம், அதனால் வந்துவிட்டேன் என்றா? கடையைச் சாத்திவிட்டு வந்த மனுஷனிடமா? கால் நகரவில்லை. பாயே முட் என்றதும் கால் திரும்பிவிட்டது, அதற்கு என்னிடம் கேட்க வேண்டியதில்லை.

ஜெசிந்தா வரிசைக்குள் வந்து நின்று, உதடு அசையாமல், “போக்கா” என்றாள். என் பேரைக் கூப்பிட்டுவிட்டார்களா. கூப்பிட்டுவிட்டார்கள். நடக்கிறேன். பூட்ஸுக்கு அடியில் சரளைக்கல் கடகடவென்கிறது. முன்னால் போய்த் திரும்பி நின்றால் எல்லா முகமும் என்னைப் பார்க்கிறது, பத்துத் தொப்பி, பத்து முகவாய், ஜெசிந்தாவின் கண். பக்கவாட்டில் மேஜர் சார், அவர் நாற்காலிக்குப் பின்னால் பால்துரை சார், அவருடைய சிரிக்காத மீசை. மூச்சு இழு. பெல்ட்டை மற. ஸ்குவாட்… வந்துவிட்டது, பரவாயில்லை. சாவ்வ்வ்… இழு, இழுக்கிற வரைக்கும் பயமில்லை, இழுப்பது எனக்குச் சர்க்கரை, இனிமேல்தான், இப்போது வெட்ட வேண்டும், இப்போது, தொண்டையில் அந்தத் தலை வந்து சாய்கிறது, எண்ணெய் வாசம், மூச்சு.

அப்போதுதான் அழுதாள். என் முதுகுக்குப் பின்னால், மைதானத்து மேடை மறைக்கிற அந்தப் பக்கம், வேப்பமரம் இருக்கிற இடத்திலிருந்து, வீல் என்று. என் பிள்ளை. ஆயிரம் பிள்ளை அழுதாலும் தெரியும். வெயில் திரும்பியிருக்கிறது, புங்கமரத்தடிக்கு வெயில் வந்திருக்கும், நிழலைத் தேடி இந்தப் பக்கம் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார், அவ்வளவுதான், அட, அவ்வளவுதான். இருக்கிறாள். முழுசாக இருக்கிறாள், பசியோடு, கோபத்தோடு, மைதானமே கேட்கிற மாதிரி. பால் இறங்கிவிட்டது, யாரைக் கேட்டு இறங்குகிறது, ஊசி குத்துகிற மாதிரி இரண்டு பக்கமும், வேட்டித்துணி போச்சு, பனியன் போச்சு, காக்கி நனையும், நனையட்டும். எனக்கு அந்த நேரத்தில் ஒன்று தோன்றியது, இவ்வளவு நாள் யாரை எழுப்பிவிடுவோமென்று நான் பயந்தேன்? அவள்தான் முழித்துக்கொண்டு ஊரைக் கூட்டுகிறாளே. இனிமேல் யார் முழிக்க இருக்கிறது. தூங்குகிறவள் யாருமில்லாத இடத்தில் மேகலா எதற்கு மெதுவாகப் பேச வேண்டும்?

தான்!

ஒரே சத்தம். பத்துக் கால், ஒரே சத்தம். உள்ளங்காலிலிருந்து ஏறியது, அதே பூரான், அசிங்கமாக இருந்தாலும் அதேதான், உச்சிக்குப் போய் நின்றது. என் முதுகுக்குப் பின்னால் தொட்டிக்குத் திரும்பி வந்திருந்த காக்கா கத்திக்கொண்டு தலைக்கு மேலே பறந்து போனது. தாஹினே-முட்! ஒரே சத்தம். பாயே-முட்! என் குரலா இது, இவ்வளவு நாள் எந்தப் பெட்டிக்குள் இருந்தது. தேஸ்-சல், போகிறார்கள், தம், நிற்கிறார்கள், நான் சொன்னால் நிற்கிறார்கள். பின்னால் அழுகை ஒரு தடவை உடைந்து, இன்னொரு தடவை எழும்பி, விஷ்-ராம் என்றதும் விக்கலாகி, அப்புறம் சாவ்-தான் என்றதும் காணாமல் போனது. அமைதி. சட்டையில் இரண்டு பக்கமும் ஈரம் தெரிகிறது, தெரியட்டும், மேஜர் சார் பார்த்துவிட்டு உடனே பேப்பரைப் பார்க்கிறார், அவர் வீட்டிலும் யாராவது இருப்பார்கள். பால்துரை சார் அவருக்குப் பின்னால் நின்று, யாருக்கும் தெரியாமல், இரண்டு விரலைச் சேர்த்துக் கத்தரிக்காய்க் காம்பு வெட்டிக் காட்டுகிறார். மீசைக்கு அடியில் சிரிப்புதான் அது, சத்தியமாகச் சிரிப்புதான். இன்னும் ஒன்றே ஒன்று பாக்கி. வீட்டில் எல்லாக் கமாண்டும் சொல்லியிருக்கிறேன், இது ஒன்றை மட்டும் சொன்னதே இல்லை, கலைந்து போகலாம் என்று அங்கே யாருக்குச் சொல்வது, யார் எனக்குச் சொல்வது. விசர்-ஜன்! வலது பக்கம் திரும்பி, சல்யூட் வைத்து, கலைந்தார்கள். நானும்.

ஓடக் கூடாது, சீருடையில் ஓடக் கூடாது, ஓடுகிறேன். பின்னால் ஜெசிந்தா “அக்கா, பெல்ட்டு, பெல்ட்டு” என்று கத்துகிறாள். மேடையைச் சுற்றிக்கொண்டு போனால் வேப்பமரம், வேப்பமரத்தடியில் வார்னிஷ் கறைச் சட்டை. இடது காலில் ஒரு ஆட்டம், வலது காலில் ஒரு ஆட்டம். கையை நீட்டிக்கொண்டு, நெஞ்செல்லாம் நனைந்துபோய், தாங்க முடியாமல், “குடுங்க, குடுங்க, பசிச்சிருக்கும், வந்துட்டேன்” என்று நான் பெருங்குரலில் கத்த, அவர் தலையை மட்டும் திருப்பினார். கம்பி எண்ணுகிறபோது பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார். கண்ணாலேயே ‘இரு’ என்றார். அப்புறம் அடிக்குரலில், தேன் ஊற்றுகிற மாதிரி, “மெதுவாடீ… உன் சத்தத்துக்கு இப்பத்தான் தூங்குனா.”